புரட்டிப் பார்த்து வாங்க முடியாத வாசகருக்கு மதிப்புரை எழுதுவது எப்படி?

கொழுந்துக்காடு (கோத்தகிரி):
எல்லாருக்கும் வணக்கம். மாதம் இரண்டு தமிழ்ப் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதி இணையத்தில் போடலாம் என்று இருக்கிறேன். படிக்கும்போது குறிப்பு எடுப்பது எப்படி, எவ்வளவு மேற்கோள் காட்டலாம், பதிப்பகத்திடம் புத்தகம் கேட்கலாமா, பிடிக்காத புத்தகத்தைப் பற்றி எப்படி எழுதுவது என்பதெல்லாம் தெரிய வேண்டும். இன்னொன்று, மழைக்காலத்தில் புத்தகங்களை எப்படிக் காப்பாற்றுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

கேத்தி வாசகி:
வாங்க தம்பி. முதலில் யாருக்காக எழுதுகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக அமையும். நம் மலையில் தமிழ்ப் புத்தகம் விரித்து வைத்திருக்கும் கடைகள் மிகக் குறைவு. கோத்தகிரியிலோ மஞ்சூரிலோ இருப்பவர் ஒரு நாவலைக் கையில் எடுத்து, நடுவில் நாலு பக்கம் படித்துப் பார்த்து வாங்க வழியில்லை. உங்கள் பேச்சை நம்பித்தான் பணம் கட்டித் தபாலில் வரவழைப்பார். கடையில் பத்து நிமிடம் நின்றிருந்தால் அவருக்கு என்னென்ன தெரிந்திருக்குமோ, அதையெல்லாம் உங்கள் மதிப்புரை சொல்லியாக வேண்டும்.

அதனால் தலைப்புக்குக் கீழேயே நூலின் பெயர், ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம், விலை இவை வந்துவிட வேண்டும். விலையை அட்டையைப் பார்த்து எழுதாதீர்கள். பழைய இருப்பில் மேலே ஒட்டுத்தாள் ஒட்டியிருப்பார்கள். உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். அங்கேயே முதல் பதிப்பு எந்த ஆண்டு, உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது என்பதும் இருக்கும். 1970களில் வந்த நாவலை 2023 மறுபதிப்பில் படித்துவிட்டு ‘2023இல் வெளியான நாவல்’ என்று எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அந்தக் காலத்து நடையை இந்தக் காலத்து நடையாக நினைத்துக் குறை சொல்லும் வரைக்கும் அது கொண்டுபோய்விடும். நூலுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணையும் சேருங்கள். 2007 முதல் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் எண்ணே இருக்காது, அதற்குக் கவலை வேண்டாம்.

எழுத்தின் அளவு, தாளின் தரம், கட்டு பிரிகிறதா என்பதற்கு ஒரு வரி கொடுங்கள். கண் மங்கிய பெரியவர்களுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

கேத்தி வாசகி:
குறிப்பு எடுப்பதைத் தனியாகச் சொல்கிறேன், அதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

பேனா வேண்டாம், பென்சில் போதும். வரிக்குக் கீழே கோடு போடாமல் ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி வையுங்கள். ஒரு துண்டுத்தாளைப் பக்க அடையாளமாகவே வைத்துக்கொண்டு, அதில் பக்க எண்ணும் மூன்று நான்கு சொல்லும் எழுதுங்கள்: ‘87 – தாய் முதல்முறை பொய்’, ‘142 – அதே உவமை மறுபடி’. 250 பக்க நாவலுக்கு இருபது குறிப்பு போதும். அறுபது வந்துவிட்டால் பிடித்த வரியையெல்லாம் குறிக்கிறீர்கள் என்று பொருள். எழுத உட்காரும்போது எதை எடுப்பது என்று தெரியாமல் திணறுவீர்கள்.

மூன்று விஷயங்களை விடாமல் குறியுங்கள். நீங்கள் படிப்பதை நிறுத்தி வைத்த பக்கம். திரும்பிப் போய் மறுபடி படித்த பக்கம். யார் பேசுகிறார்கள் என்று குழம்பிய பக்கம். நூல் எங்கே தொய்கிறது, எங்கே செறிகிறது என்பதை இவை காட்டிக்கொடுத்துவிடும். முடித்த அன்றே, பாத்திரங்களின் பெயர் எதையும் சொல்லாமல், இந்த நூல் எதைப் பற்றியது என்று ஒரே வாக்கியம் எழுதி வையுங்கள். அது வரவில்லையென்றால் மதிப்புரைக்கு அவசரப்படாதீர்கள். குறித்த பக்கங்களை மட்டும் மறுபடி படியுங்கள்.

பைக்காரா நீர்:
அக்கா, கதையை எவ்வளவு சொல்லலாம்?

கேத்தி வாசகி:
மதிப்புரையில் கால் பங்குக்கு மேல் கதைச்சுருக்கம் வேண்டாம். நூலின் முதல் மூன்றில் ஒரு பகுதியைத் தாண்டியும் போக வேண்டாம். 240 பக்கம் என்றால் 80ஆம் பக்கத்தோடு நிறுத்துங்கள். அதற்குப் பின்னால் வருவதைச் சொல்லித்தான் தீர வேண்டுமென்றால், ‘இனி வரும் பத்தியில் முடிவு தெரிந்துவிடும்’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குன்னூர் மெய்ப்பு:
மலையில் இருப்பவர் எழுதும் மதிப்புரைக்கு ஒரு தனி வலு உண்டு. நீலகிரியையோ கொடைக்கானலையோ களமாக வைத்த கதைகளில் உள்ள தகவலைச் சமவெளியில் இருப்பவரைவிட நாம் சரியாகப் பார்க்க முடியும். கையோடு வைத்துக்கொள்ள வேண்டிய சில விவரங்களைத் தருகிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899. உதகை வரை நீண்டது 1908. ஆகவே 1895இல் ஒரு பாத்திரம் உதகை ரயில் நிலையத்தில் இறங்க முடியாது. கொடைக்கானலுக்கு ரயிலே கிடையாது. கொடை ரோடு நிலையம் கீழே சமவெளியில் இருக்கிறது, அங்கிருந்து மலை ஏறித்தான் வர வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018 என்று பூத்தது. அடுத்தது 2030. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. அதற்கு முந்தைய கதையில் அணாக் கணக்கு இருக்க வேண்டும். சென்னை மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரி 14. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரைப் பற்றிய கதை என்றால், அவர்கள் திரும்புவதற்கு வழிவகுத்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் கையெழுத்தானது, அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது 1968இல். நாவலின் ஆண்டுகள் இவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

மக்களைக் குறிக்கும் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். தோடர் ஊர் மந்து, படகர் ஊர் ஹட்டி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லாரையும் ‘மலைவாசிகள்’ என்ற ஒரே சொல்லில் அடைக்கும் நூலை நாம் சும்மா விடக்கூடாது. மதிப்புரை எழுதுபவரே அப்படி அடைத்துவிடுவதும் நடக்கிறது.

பைக்காரா நீர்:
ஆனால் புனைவில் ஆண்டு தவறியிருப்பதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது நியாயமா? கதை நன்றாக இருந்தால் போதாதா?

குன்னூர் மெய்ப்பு:
நல்ல கேள்வி. அந்தத் தகவலை எடுத்துவிட்டால் கதை நிற்குமா என்று பாருங்கள். காதலர்கள் பிரிந்து அடுத்த குறிஞ்சியில் சந்திக்கிறார்கள் என்று முழு நாவலும் கட்டப்பட்டிருக்க, நடுவில் ஒன்பது ஆண்டுதான் போயிருக்கிறது என்றால் அது அடித்தளத்திலேயே விரிசல். அதை ஒரு பத்தியாக எழுதலாம். போகிற போக்கில் ஒரு வரியில் வந்த பிழை என்றால், பக்க எண்ணோடு ஒரு வாக்கியம், அதுவும் கடைசியில். பிழை என்று முடிவு கட்டுவதற்கு முன் இன்னொரு முறை யோசியுங்கள். குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, பூக்கும் இடைவெளி வகைக்கு வகை மாறும். நாவலாசிரியர் சொல்லும் பூ நீலக்குறிஞ்சிதானா என்று உறுதிப்படுத்திக்கொள்ளாமல் அவரைக் குற்றம் சொல்லிவிட்டால் தவறு நம் பக்கம் வந்துவிடும்.

சட்டம் தெரிந்தவர்:
மேற்கோள் பற்றி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இத்தனை வரி, இத்தனை சதவீதம் என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. நீங்கள் எடுத்துப் போட்டதைப் படித்துவிட்டு ஒருவர் நூலையே வாங்க வேண்டாம் என்று இருந்துவிடும் அளவுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். நாவலில் மூன்று நான்கு இடங்களில் தலா நாலைந்து வரி எடுத்தால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. கவிதையில்தான் ஆபத்து. பத்து வரிக் கவிதையை முழுசாகப் போட்டால் ஒரு படைப்பையே முழுசாக வெளியிட்டதாகிவிடும். தேவையான இரண்டு மூன்று வரியை எடுத்து, அதைப் பற்றி நீங்கள் அதைவிட நீளமாகப் பேசுங்கள். எடுத்த வரிக்குப் பக்க எண் கொடுங்கள்.

எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு வரை உரிமை இருக்கும். 1964இல் மறைந்தவர் என்றால் 2025 ஜனவரி 1 முதல் அவர் எழுத்து பொதுவுடைமை. தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்துகளுக்கும் தடை இல்லை. ஆனால் புதிய பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருக்கே உரியவை. மொழிபெயர்ப்புக்கும் அப்படியே தனி உரிமை உண்டு.

பிடிக்காத நூலைப் பற்றி எழுதும்போது அவதூறு வழக்குக்குப் பலர் அஞ்சுகிறார்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் இதற்கென்றே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்திலும் இருந்ததுதான். நூலை வெளியிடுபவர் அதைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு முன் வைக்கிறார் என்று சட்டமே சொல்கிறது. நூல் அசட்டுத்தனமாக இருக்கிறது, அதை வைத்துப் பார்த்தால் எழுதியவரின் மனம் பலவீனமானது என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் விதிவிலக்குக்குள் வரும். காரணம், அந்தக் கருத்து நூலில் தெரியும் குணத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் ‘அந்த ஆள் ஒழுக்கங்கெட்டவர், அதனால் நூல் இப்படி இருப்பதில் வியப்பில்லை’ என்றால் வராது. அங்கே நூலுக்கு வெளியே போய் ஆளைத் தொட்டுவிடுகிறோம். உங்கள் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்தக் கோட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொழுந்துக்காடு:
மிக்க நன்றி சார். முதல் நூல் எழுதியவர்கள் என்றால் கொஞ்சம் மென்மையாக எழுத வேண்டுமா?

குன்னூர் மெய்ப்பு:
தொனியில் மென்மை இருக்கட்டும், தகவலில் வேண்டாம். முதல் நூல் எழுதியவருக்கு உண்மையில் பயன்படுவது பக்க எண்தான். ‘நடை தொய்வு’ என்று எழுதினால் அவருக்கும் புரியாது, வாசகருக்கும் புரியாது. ‘110 முதல் 160 வரை வரும் மூன்று கடிதங்களும் ஒரே செய்தியைச் சொல்கின்றன, இரண்டாவதை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது’ என்று எழுதிப் பாருங்கள். புகழ்ச்சிக்கும் இதுவே பொருந்தும். ‘அருமை’, ‘நெஞ்சை உருக்கியது’, ‘கண்கள் குளமாகின’ ஆகியவற்றை முதல் வரைவில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது வரைவில் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் என்ன நடந்ததால் அப்படித் தோன்றியது என்று எழுதுங்கள். 700 சொல் மதிப்புரையில் இப்படி நாலு இடம் இருந்தால் போதும்.

ஓவேலி மழை:
நட்சத்திரம் கொடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் கருத்தில் கொடுக்கவே கூடாது. மூன்றரை நட்சத்திரம் என்றால் என்ன பொருள்? சமையல் நூலுக்குக் கொடுத்த மூன்றரையும் நாவலுக்குக் கொடுத்த மூன்றரையும் ஒன்றாகிவிடுமா?

கேத்தி வாசகி:
எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லைங்க. அவசரத்தில் இருப்பவருக்கு ஒரு கணக்கு உதவும். ஆனால் நட்சத்திரத்தைவிட ‘யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம்’ என்று இரண்டு வரி நன்றாக உதவும். ‘தேயிலைத் தோட்ட வாழ்க்கை பற்றி ஏற்கெனவே படித்தவருக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, முதன்முறை படிக்கும் கல்லூரி மாணவருக்கு நல்ல தொடக்கம்’ என்பது போல. நட்சத்திரம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், எத்தனைக்கு என்ன பொருள் என்பதை ஓரிடத்தில் எழுதி வைத்து, கடைசி வரை அதை மாற்றாதீர்கள்.

ஓவேலி மழை:
அந்த இரண்டு வரியை ஏற்றுக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பு நூல்களைப் பற்றி ஒரு சொல். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் படிப்பவர்கள் நிறைய. கன்னடம் தெரிந்தவர்களும் உண்டு. மூல நூல் கிடைத்தால் மூன்று இடங்களை ஒப்பிடுங்கள்: முதல் பக்கம், நடுவில் ஓர் உரையாடல், கடைசிப் பக்கம். உரையாடலில்தான் மொழிபெயர்ப்பாளர் கை தெரியும். மூலத்தில் வட்டார வழக்கில் பேசும் ஆள் தமிழில் பாடநூல் மொழியில் பேசுகிறாரா, உறவுமுறைச் சொற்கள் சரியாக வந்திருக்கின்றனவா, மலையாளத்திலும் தமிழிலும் ஒரே ஒலியில் இருந்து வேறு பொருள் தரும் சொற்களை அப்படியே விட்டுவிட்டாரா என்று பாருங்கள். மூலத்திலிருந்து நேராக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்பதை உரிமைப் பக்கத்திலோ முன்னுரையிலோ தேடி எழுதுங்கள். மூலமொழி தெரியாதென்றால் ‘சிறந்த மொழிபெயர்ப்பு’ என்று எழுத நமக்கு உரிமை இல்லை. ‘தமிழில் தடையில்லாமல் ஓடுகிறது’ என்று மட்டும் சொல்லலாம்.

கோடைப்பனி (கொடைக்கானல்):
பதிப்பகத்திடம் புத்தகம் கேட்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேட்கலாம், ஆனால் உடனே வேண்டாம். சொந்தமாக வாங்கியதும் நூலகத்தில் எடுத்ததுமாக முதலில் பத்துப் பன்னிரண்டு மதிப்புரை வெளிவரட்டும். பிறகு ஒரு பதிப்பகத்துக்கு ஒரே ஒரு நூல் கேட்டு எழுதுங்கள். கடிதம் எட்டு வரியைத் தாண்ட வேண்டாம். எந்த நூல், ஏன் அந்த நூல், ஏற்கெனவே எழுதியவற்றில் இரண்டின் சுட்டி, எத்தனை வாரத்தில் எழுதி முடிப்பீர்கள், பின்கோடோடு முகவரி, கைபேசி எண். ‘உங்கள் வெளியீடுகள் அனைத்தையும் அனுப்புங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. சிறு பதிப்பகங்கள் ஒரு நூலை முந்நூறு ஐந்நூறு படி அச்சிடுபவை. அவர்கள் இலவசமாக அனுப்பும் ஒவ்வொரு படியும் அவர்களுக்குச் செலவு.

சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டிக் கேட்காதீர்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பிப்ரவரி கடைசியில் எழுதினால், புது நூல்களும் வந்திருக்கும், பதில் போடவும் ஆள் இருப்பார்கள்.

இலவசமாக வந்த நூல் என்றால் மதிப்புரையின் தொடக்கத்திலேயே ‘இந்தப் படியைப் பதிப்பகம் அனுப்பியது’ என்று சொல்லிவிடுங்கள், அடியில் பொடி எழுத்தில் வேண்டாம். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதல்கள், இலவசமாகப் பெற்ற பொருளைப் பற்றிப் பேசும்போது அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கின்றன. அதைவிட, உங்களை நம்பித் தபாலில் வரவழைப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வெளியிடும் முன் மதிப்புரையை ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோ காட்டாதீர்கள். ஒருமுறை காட்டினால் அடுத்த முறை அவர்களே திருத்தித் தருவார்கள். தகவலில் ஐயம் இருந்தால் அந்தக் கேள்வியை மட்டும் கேளுங்கள்.

அச்சுப்படிக்குப் பதில் பி.டி.எஃப். அனுப்புவார்கள். அதிலிருந்து மேற்கோளை நகலெடுத்து ஒட்டினால் பல நேரம் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி வரும். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் பக்கம் அமைத்திருப்பதுதான் காரணம். மாற்றி செயலிகள் உண்டு, ஆனால் எந்த எழுத்துரு என்று தெரியாமல் மாற்றினால் ஒற்றுகளும் கொம்புகளும் இடம் மாறிவிடும். படம் பிடித்து எழுத்துணரியில் (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சாக மாற்றும் செயலியில்) போட்டாலும் துணைக்காலும் ‘ர’வும் ஒன்றாகிவிடும். நாலு வரிதானே, கையால் தட்டச்சு செய்து பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

நீங்களே யாருக்காவது புத்தகம் அனுப்ப வேண்டுமென்றால் அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் மலிவு. 2025 மே 1இல் தொடங்கியது, 300 கிராம் வரை 20 ரூபாயும் 5 கிலோவுக்கு 100 ரூபாயும் வரி நீங்கலாக அப்போதைய கட்டணம். அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் உள்ள நூலாக இருக்க வேண்டும். தரைவழியாகப் போகும், ஆகவே நாள் பிடிக்கும்.

ஓவேலி மழை:
ஈரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் கூடலூர், தேவாலாப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை. கோத்தகிரி, குன்னூருக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கெட்டியான மழை. ஆக உங்கள் ஆபத்துக் காலம் வேறு, எங்கள் ஆபத்துக் காலம் வேறு.

காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் தாளுக்கு நல்லது. 65ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். சில நூறு ரூபாயில் ஈரப்பதமானி கிடைக்கிறது, அலமாரிக்குள்ளேயே வையுங்கள். அறையின் நடுவில் ஓர் அளவு காட்டும், வெளிச்சுவரை ஒட்டி வேறு அளவு காட்டும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள், உள்சுவராக இருந்தாலும் நாலு விரல் இடைவெளி விடுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்காதீர்கள், நடுவில் காற்று போக வேண்டும். இரும்புப் பீரோவை மூடியே வைத்திருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும், வெயில் அடிக்கும் மதியங்களில் திறந்து வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டிவைப்பது இன்னும் மோசம்.

பார்சல் வந்த அன்றே பிரியுங்கள். அட்டைப்பெட்டி மழை ஈரத்தை உறிஞ்சிப் புத்தகத்துக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சிலிக்கா ஜெல் வைத்தால் நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நிறம் மாறியபின் சூடாக்கி ஈரத்தை ஓட்டாமல் அப்படியே விட்டுவைத்தால் பயனில்லை.

பூஞ்சை பிடித்த நூலை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, கறை தாளுக்குள் இறங்கிவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே எடுத்துப்போய், நிழலில் நன்றாக உலரவிட்டு, பிறகு மென்மையான தூரிகையால் வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். நேர் வெயில் வேண்டாம், தாள் பழுத்து அட்டை வளையும். முழுக்க நனைந்துவிட்டால் பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒன்றாக அச்சில்லாத வெள்ளைத்தாளைச் செருகி, விசிறிக் காற்றில் நிறுத்திவைத்து, தாள் நனைய நனைய மாற்றுங்கள். வழுவழுத்தாளில் அச்சான படநூல் நனைந்தால் பக்கங்கள் சில மணி நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். உடனே உலர்த்த முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

கொழுந்துக்காடு:
இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மட்டும் பாக்கி. மாதம் இரண்டு என்பது சரியான வேகமா? வெளியிட்டபின் ஆசிரியர் கோபப்பட்டு எடுக்கச் சொன்னால் என்ன செய்வது?

கேத்தி வாசகி:
மாதம் இரண்டு நல்ல வேகம், ஆனால் முதல் மதிப்புரையை வெளியிடும்போதே கையில் இன்னும் மூன்று தயாராக இருக்க வேண்டும். மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தால் பார்சல் நாலைந்து நாள் கீழேயே நிற்கும். மின்சாரமும் போகும். கைவசம் இருப்பு இல்லாதவர்கள் அந்த வாரம் பாதி படித்த நூலுக்கு மதிப்புரை எழுதிவிடுகிறார்கள்.

குன்னூர் மெய்ப்பு:
ஆசிரியர் கடிதத்தில் இரண்டு வகைச் செய்தி இருக்கும், பிரித்துப் படியுங்கள். ‘நீங்கள் சொன்ன பக்கத்தில் அப்படி இல்லை’ என்றால் அன்றே நூலை எடுத்துப் பாருங்கள். பிழை உங்களுடையது என்றால் திருத்தி, மதிப்புரையின் மேலேயே ‘இந்தத் தேதியில் இந்த வரி திருத்தப்பட்டது’ என்று போடுங்கள். யாருக்கும் சொல்லாமல் மாற்றாதீர்கள். முதலில் படித்தவர் மனதில் பழைய வரிதான் இருக்கும். ‘என் நூலை நீங்கள் புரிந்துகொள்ளவில்லை’ என்றால் அது கருத்து. அவர் சம்மதித்தால் அவர் பதிலை முழுசாக, வெட்டாமல், உங்கள் மதிப்புரைக்குக் கீழே போடுங்கள். அதற்கு நீங்கள் மறுபதில் எழுத வேண்டாம். நூலும் பக்க எண்களும் வாசகரிடம் இருக்கின்றன, அவர் பார்த்துக்கொள்வார்.